ஐந்தாம் மாதக் காய்ச்சலா காரணம்?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. பிறந்த மூன்றாம் நாள் பரிசோதனையில் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே சிறிய ஓட்டை இருப்பதாகச் சொன்னார்கள். மருந்து எதுவும் இல்லை, நன்றாக விளையாடுகிறாள். ‘மரபணுக் கோளாறாக இருக்கலாம்’ என்றார் டாக்டர். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இதய நோய் கிடையாது. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து மாத்திரை சாப்பிட்டேன். அதனால்தானோ என்ற உறுத்தல் போகவில்லை. இப்போது அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கிறோம். மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: முதலில் அந்தக் காய்ச்சலை விட்டுவிடுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், ஐந்து வாரம் முடியும்போதே கருவின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் அது வெறும் குழாய். அப்புறம் அது வளைந்து மடங்கி, உள்ளே சுவர்கள் எழும்பி, சுமார் பத்தாவது வாரத்துக்குள் நான்கு அறைகளாகிவிடும். ஐந்தாம் மாதத்தில் உங்களுக்குக் காய்ச்சல் அடித்தபோது சுவர் வேலை முடிந்து வெகு நாளாகியிருந்தது. ஓட்டையும் அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

சரி, மரபணுக் கோளாறு என்றால் என்ன? உடம்பின் எல்லா செல்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். இதயச் செல்லில் எவை விழித்திருக்கின்றன, எவை தூங்குகின்றன என்பதில்தான் அது தோல் செல்லிலிருந்து வேறுபடுகிறது. மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்புவதையே வேலையாகக் கொண்ட சில மரபணுக்கள் உண்டு. இதயத்தைப் பொறுத்தவரை டிபிஎக்ஸ்5, காட்டா4, என்கேஎக்ஸ்2-5 ஆகிய மூன்றும் முக்கியமானவை. கடைசியாகச் சொன்னதற்குப் பழ ஈயிலும் ஓர் இணை இருக்கிறது. அது பழுதானால் ஈக்கு இதயமே உருவாகாது. அதனால், சிறுவர் கதையில் வரும் இதயமில்லாத தகர மனிதனை நினைத்து அதற்கு ‘டின்மேன்’ என்று பெயர் வைத்தார்கள். இதய ஓட்டை தலைமுறை தலைமுறையாக வந்த சில குடும்பங்களில் 1998-ல் தேடியபோது, இதே மரபணுவின் மனித வடிவம்தான் பழுதாகியிருந்தது. ஈக்கும் நமக்கும் இப்படியொரு உறவு இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

உங்கள் மகளின் ஓட்டை இருக்கும் சுவருக்கு வருவோம். அந்தச் சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்பது எப்படித் தெரிகிறது? இதில் டிபிஎக்ஸ்5-க்குப் பெரிய பங்கு உண்டு. வருங்கால இடது கீழறையில் அது நன்றாக விழித்திருக்கும், வலது பக்கத்தில் அடங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த எல்லையில்தான் சுவர் எழும்புகிறது. ஆமைக்கு முழுச் சுவர் கிடையாது. அதன் கருவில் இந்த எல்லை நம்முடையதைப் போலக் கூர்மையாக இல்லை. எலிக் கருவில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அந்த மரபணு இயங்கும்படி செய்து பார்த்தார்கள். சுவரே வரவில்லை, ஒரே கீழறைதான். மரபணு நன்றாகவே இருக்கிறது; வேலை செய்த இடம் மாறிப்போனது, அவ்வளவுதான்.

இடம் மட்டுமல்ல, அளவும் பிசகக் கூடாது. ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். பல மரபணுக்களில் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். நான் மேலே சொன்ன மூன்றும் அப்படி இல்லை; பாதி அளவு அவற்றுக்குப் போதாது. அந்தப் பழுது பெற்றோர் இருவருக்கும் இல்லாமல், கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாகவும் தோன்றலாம். ஆகவே டாக்டர் சொன்ன ‘மரபணு’ என்ற சொல்லை ‘பரம்பரை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யாருடைய வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது என்று பேச்சு எழுந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். உண்மையில் சிறிய ஓட்டையோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒற்றைக் காரணம் எதுவும் அகப்படுவதில்லை.

பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். ஓட்டை ஒன்றைத் தவிர மகளுக்கு வேறு குறை இல்லையென்றால் பொதுவாகத் தேவைப்படாது. கட்டைவிரல் அல்லது முன்கை அமைப்பில் மாறுபாடு, அண்ணப் பிளவு, ரத்தத்தில் கால்சியம் குறைவு, வளர்ச்சியில் பின்தங்கல், இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் மரபியல் மருத்துவரைப் பாருங்கள். உதாரணமாக, டிபிஎக்ஸ்5 பழுதில் கையும் இதயமும் சேர்ந்தே பாதிக்கப்படும். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்னொன்று: பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்தாலும் அது முழுப் பதில் ஆகாது. மரபணுவை எங்கே, எப்போது எழுப்புவது என்று தீர்மானிக்கும் பகுதிகள் பெரும்பாலும் மரபணுவுக்கு வெளியே, சில நேரம் வெகு தொலைவில் இருக்கின்றன. வழக்கமான பல பரிசோதனைகள் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

பொதுவாக 100 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். முதல் குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கு அது 100-க்கு 2 அல்லது 3 என்று உயரும். மீதி 97 பேருக்கு இருக்காது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இதயம் உருவாகும் வாரங்களில் பலருக்குக் கர்ப்பம் என்றே உறுதியாகியிருக்காது என்பதால், செய்ய வேண்டியதைக் கருத்தரிக்கும் முன்பே செய்ய வேண்டும். சர்க்கரை அளவைப் பாருங்கள். ஏற்கெனவே நீரிழிவு உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு இதயக் குறை சில மடங்கு அதிகம், கட்டுக்குள் வைத்தால் அது குறையும். ரூபெல்லா எதிர்ப்பு இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதமாவது காத்திருங்கள். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் கூடவே கூடாது. வலிப்பு மருந்து சாப்பிடுபவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம். அது முக்கியமாகத் தண்டுவடக் குறையைத் தடுக்கத்தான், ஆனாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமானால் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். மிகச் சிறிய ஓட்டைகள் அதில் தப்பிவிடலாம், பெரிய குறைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். மகளுக்கு அடுத்த எக்கோ எப்போது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். சுவரின் தசைப் பகுதியிலுள்ள சிறிய ஓட்டைகளில் பல முதல் சில ஆண்டுகளில் தானாகவே மூடிக்கொள்ளும். ஒருவேளை அவளுடையது ஏற்கெனவே மூடியிருக்கலாம்.