கவுன்டி வருமானம்: எதிலிருந்து எதைக் கழிப்பது?

கேள்வி: டெக்சஸின் 254 கவுன்டிகளிலும் குடும்ப வருமானத்தின் இடைநிலை அளவு (மீடியன்: பாதிக் குடும்பங்கள் இதற்குக் கீழே, பாதி மேலே) 1990-லிருந்து எப்படி மாறியது என்று வரைபடம் போடுகிறேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையான சென்சஸ் பீரோ நடத்தும் மாதிரி ஆய்வான அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயின் ஐந்தாண்டு மதிப்பீடுகளை வருடாவருடம் இறக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் முந்தையதைக் கழித்தேன். சின்ன கவுன்டிகளில் எண்கள் தாறுமாறாகக் குதிக்கின்றன. பெரிய கவுன்டிகளில் அசையவே மாட்டேன் என்கின்றன. எங்கே தவறு? (ஆய்வு மாணவர் ஒருவர்)

பதில்: கழித்த இடத்தில்தான்.

2015–2019 மதிப்பீட்டிலிருந்து 2014–2018 மதிப்பீட்டைக் கழித்தால் நடுவில் உள்ள நான்கு வருடங்கள் இரண்டுக்கும் பொது. மிஞ்சுவது ஏறக்குறைய 2019-க்கும் 2014-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதை '2019-இன் வளர்ச்சி' என்று எழுதிவிட்டால் கதை கெட்டது. பெரிய கவுன்டியின் கோடு அசையாததற்கு இதுதான் காரணம். ஐந்தாண்டு எண்களைத்தான் எடுப்பேன் என்றால் ஒன்றோடொன்று மோதாத காலங்களாக எடுங்கள்: 2005–2009, 2010–2014, 2015–2019.

சின்ன கவுன்டிகளின் துள்ளலுக்குக் காரணம் வேறு. லவிங் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 64 பேர். அங்கே நாலு வீடு மாதிரிக்குள் வந்ததா வராமல் போனதா என்பதே வருமானத்தை ஏற்றி இறக்கிவிடும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 90 சதவீத நம்பிக்கை அளவில் பிழை வரம்பு, அதாவது எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது, போட்டிருப்பார்கள். எல்லோரும் முதலில் அழிக்கும் நெடுவரிசை அதுதான். அழிக்காதீர்கள். இரண்டு காலங்களின் பிழை வரம்புகள் 3,000, 4,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வித்தியாசத்தின் பிழை வரம்பு 5,000. வருமானம் 4,000 டாலர் உயர்ந்ததாகத் தெரிந்தாலும், உயர்ந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, வருடாவருடம் எண் வேண்டுமே? அதே சர்வேயின் ஓராண்டு மதிப்பீடு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும்தான். டெக்சஸின் பெரும்பாலான கவுன்டிகள் அதற்குக் கீழே. போதாததற்கு 2020-இன் ஓராண்டு எண்கள் கொரோனாவால் வழக்கமான வடிவில் வெளிவரவே இல்லை. உங்களுக்கு ஏற்றது சென்சஸ் பீரோவின் இன்னொரு தொடர்: சிறு பகுதிகளின் வருமானம், வறுமை மதிப்பீடு. சுருக்கமாக எஸ்.ஏ.ஐ.பி.இ. பள்ளிகளுக்கான மத்திய நிதியைப் பங்கிடப் பயன்படுவது. சர்வே சொல்வதையும், வருமான வரிப் படிவங்கள் போன்ற அரசுப் பதிவுகளிலிருந்து புள்ளியியல் சமன்பாடு கணிப்பதையும் எடை போட்டுக் கலக்கிறார்கள். ஹியூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் சர்வேயின் கை ஓங்கும், லவிங்கில் சமன்பாட்டின் கை. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் கிடைக்கிறது.

நான் அதைத்தான் எடுப்பேன், இரண்டு எச்சரிக்கையோடு. 2005-இல் அதன் அடிப்படை சர்வே மாறியது. அந்த இடத்தில் கோட்டில் தெரியும் மேடு பள்ளத்தை நம்பவேண்டாம். அப்புறம், இந்த எண்ணை வரிப் பதிவுகளோடு ஒப்பிட்டு 'எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது' என்று வியக்காதீர்கள். உள்ளே போட்டதுதானே வெளியே வரும்!

தொடக்கப் புள்ளிக்கு 1990, 2000 கணக்கெடுப்புகளின் நீள் படிவம் (வருமானத்தையும் கேட்ட நீண்ட கேள்வித்தாள்) உண்டு. ஆனால் அவை சொல்வது 1989, 1999 வருமானத்தை. 2000-க்குப் பிறகு நீள் படிவமே கிடையாது.

விலைவாசியையும் கவனியுங்கள். ஐந்தாண்டு மதிப்பீடு கடைசி வருடத்தின் டாலருக்கு ஏற்கெனவே மாற்றப்பட்டது. 2010–2014 எண்ணை 2014 டாலராக வைத்துக்கொண்டு அங்கிருந்து உங்கள் அடிப்படை வருடத்துக்கு ஏற்றுங்கள். எஸ்.ஏ.ஐ.பி.இ. எண்களோ அந்தந்த வருடத்து டாலரிலேயே இருக்கும்.

பல கவுன்டிகளைச் சேர்த்து ஒரு வட்டாரமாகக் காட்ட நினைத்தால், இடைநிலைகளின் சராசரி இடைநிலை ஆகாது. வருமானப் பிரிவு வாரியாகக் குடும்ப எண்ணிக்கை தரும் பி19001 அட்டவணையை எடுத்துக் கூட்டுங்கள். மொத்தம் 1,000 குடும்பம், 50,000 டாலருக்குக் கீழே 440, அடுத்த 10,000 டாலர் பிரிவில் 120 என்றால், 500-ஐத் தொட இன்னும் 60 வேண்டும். 120-இல் 60 பாதி. ஆக இடைநிலை 55,000. கூட்டும்போது ஐந்தாண்டு எண்களுக்குத் திரும்ப வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

பி19013 அட்டவணைக்குப் பதிலாக பி19113-ஐ இறக்கவில்லையே? முதலாவது ஒரே வீட்டில் வாழும் எல்லோரையும் ஒரு அலகாக எடுத்து, எல்லா வீடுகளுக்கும் தரும் இடைநிலை. பி19113-ஓ, உறவினர் சேர்ந்து வாழும் குடும்பங்களுக்கு மட்டும். தனி ஆளையும், அறை பகிரும் மாணவர்களையும் அது விட்டுவிடும். பல்கலைக்கழக ஊர்களில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

டெக்சஸின் எல்லைகள் இந்தக் காலத்தில் மாறாதது உங்கள் அதிர்ஷ்டம். கனெக்டிகட்டை எடுத்திருந்தால், 2022 முதல் 8 கவுன்டிகளுக்குப் பதில் 9 திட்டமிடல் வட்டாரங்கள் வந்து தொடரையே அறுத்திருக்கும்.