டேமரிண்ட் தமிழ்ச் சொல்லா? பொண்ணு ப்ராஜெக்ட்டுக்குக் கேட்டவருக்கு

சார், புளிக்கு இங்கிலீஷ்ல சொல்ற டேமரிண்ட்ல "தமர்"னு வருதே, தமிழ்ல இருந்து தானே போயிருக்கும்னு கேட்டிருந்தீங்க. இல்லைங்க, அது அரபி. அரபில தம்ர்னா காய்ஞ்ச பேரீச்சம்பழம், ஹிந்தினா இந்தியாவோடது, ரெண்டும் சேர்ந்து தம்ர் ஹிந்தி, அது லத்தீன்ல டமரிண்டஸ் ஆகி அப்புறம் இங்கிலீஷ்க்கு வந்துச்சு. அந்த ஹிந்த் பாரசீகம் வழியா வந்தது, அதுக்கும் பின்னாடி போனா சிந்துங்கற ஆத்துப் பேர்ல போய் நிக்கும். 1753ல தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் புளியமரத்துக்கு டமரிண்டஸ் இண்டிகானு அறிவியல் பேர் வெச்சாரு, ஒரே பேர்ல இந்தியா ரெண்டு தடவை, ஆனா மரத்தோட பூர்வீகம் ஆப்பிரிக்கா, தர்மபுரி ரோட்டோரம் இத்தனை புளியமரம் பாத்துட்டு நம்பவே முடியாது தான்.

சத்தம் ஒத்துப்போகுதுன்னு மட்டும் வேர்ச்சொல் முடிவு பண்ணாதீங்க, எந்த நூற்றாண்டுல யார் கையில இருந்து யாருக்குப் போச்சுன்னு ஒவ்வொரு படியும் கிடைக்கணும்.

பொண்ணுக்கு நம்ம பக்கத்துச் சொல் தான் வேணும்னா மேங்கோ எடுக்கச் சொல்லுங்க, கிருஷ்ணகிரிக்கும் பொருத்தம். தமிழ் மாங்காய், மலையாளம் மாங்ங, அங்கிருந்து போர்ச்சுகீஸ் மங்கா, 16ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ். தமிழா மலையாளமான்னு மட்டும் சண்டை போடுவாங்க, கோவா, கேரளக் கரையில தான் போர்ச்சுகீசியர் ஜாஸ்தி இருந்தாங்க, அதனால நான் மலையாளம் பக்கம் தான். ப்ராஜெக்ட்ல ரெண்டையும் எழுதிடட்டும்.