சம்பளம் இல்ல, கையெழுத்து மட்டும் உங்களோடது: காப்பகம் நடத்துற கமிட்டிக்காரங்க கேள்வி-பதில்

வீடில்லாதவங்களுக்கு ஷெல்டர் நடத்துற டிரஸ்ட்லயும் சங்கத்துலயும் சம்பளம் வாங்காம தலைவர், செகரட்டரி, பொருளாளர்னு இருக்கிறவங்க அனுப்பின கேள்விங்க நிறைய சேர்ந்துபோச்சு. சென்னைல ஒரு சின்ன டிரஸ்ட்ல பதினாலு வருஷம் குப்பை கொட்டினவன்ங்கற முறைல பதில் சொல்றேன். சட்டம் வர்ற எடத்துல உங்க ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, ஏன்னா ஃபாரமும் தேதியும் மாறிக்கிட்டே இருக்கு.

பேங்க் மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவன். தெரிஞ்சவர் ஒருத்தர் அவங்க காப்பகத்துக்கு தலைவரா வரச் சொல்றார். மாசம் ஒரு மீட்டிங் தான், வேற வேலையே இல்லைங்கறார். ஒத்துக்கலாமா? (தாம்பரம்)

சார், வேற வேலையே இல்லைன்னு சொல்லி கூப்பிட்டா, லெட்டர்பேட்ல போட ஒரு பெரிய மனுஷன் பேர் தேவைப்படுதுன்னு அர்த்தம். வேணாம்னு சொல்லல, பாத்துட்டு சொல்லுங்க.

மொதல்ல அது டிரஸ்டா, சங்கமா, செக்ஷன் 8 கம்பெனியான்னு (லாப நோக்கமில்லாத கம்பெனி) கேளுங்க, பாதி கமிட்டிக்காரங்களுக்கே இது தெரியாது. சங்கம்னா 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், அதுல கமிட்டியோட காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுத்து அந்த மாற்றத்த படிவம் 7ல பதிவாளர் ஆபீஸ்ல குடுக்கணும். கடைசியா குடுத்த படிவம் 7 காப்பிய கைல வாங்கிப் பாருங்க. செத்துப்போன மெம்பர் இன்னும் அதுல உயிரோட இருக்கிற சங்கம் எனக்குத் தெரிஞ்சே ரெண்டு உண்டு. டிரஸ்ட்னா கதை வேற. மகாராஷ்டிராவுல 1950லயே பொது அறக்கட்டளைக்குன்னு தனி சட்டம் இருக்கு, நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு கெடையாது, அதனால டிரஸ்ட் டீட்ல, அதாவது டிரஸ்ட ஆரம்பிச்சப்ப எழுதின பத்திரத்துல என்ன எழுதியிருக்கோ அதான் வேதம், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அத வரி விடாம படிங்க. அப்புறம் மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட், மினிட்ஸ் புக், கார்ப்பரேஷனோட போட்ட ஒப்பந்தம். கேட்டதும் "அதெல்லாம் இருக்கு சார், அப்புறம் காட்றோம்"னு இழுத்தாங்கன்னா நீங்களும் அப்புறம் சொல்றேன்னு வந்துடுங்க.

ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு மேல, சொல்லாம கொள்ளாம போயிட்டு வாங்க. பகல்ல எல்லா ஷெல்டரும் பெனாயில் வாசத்தோட நல்லாத்தான் இருக்கும். ராத்திரி எத்தனை பேர் படுத்திருக்காங்க, ரெஜிஸ்டர்ல எத்தனை பேர்னு எண்ணுங்க. ஆளுக்கு 50 சதுர அடி எடம் இருக்கணும்ங்கறது மத்திய அரசு வழிகாட்டில இருக்கு, அத மனசுல வெச்சிக்கிட்டு ஹாலப் பாருங்க. பொம்பளைங்க ஷெல்டர்னா பூட்டு எந்தப் பக்கம் போட்ருக்குன்னு பாருங்க. வெளிப்பக்கம் பூட்டி சாவி வாட்ச்மேன் இடுப்புல இருந்தா, தீ பிடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சிட்டு அந்த மீட்டிங்லயே கேளுங்க.

என் கதைய சொல்றேன். மொத வருஷம் நான் பொருளாளர், அடிக்கடி வரமுடியலன்னு வெத்து செக் பத்துல கையெழுத்து போட்டு வார்டன் கிட்ட குடுத்து வெச்சேன். தப்பு ஒண்ணும் நடக்கல, அது அவரோட நல்ல மனசு, என் கெட்டிக்காரத்தனம் இல்ல. ஆடிட்டர் வந்து இந்த செக் எதுக்கு, அந்த செக் எதுக்குன்னு ஒவ்வொண்ணா கேட்டப்ப ஒண்ணுக்குக்கூட பதில் தெரியாம முழிச்சேன் பாருங்க, இப்ப நெனச்சாலும் காது சூடாகுது.

ஆரம்பிச்சவர் இருபது வருஷமா அவரே எல்லாம். அவர் மனைவி, மச்சான் ரெண்டு பேரும் டிரஸ்டி. நாங்க வெளியாளுங்க மூணு பேர் தலையாட்டத்தான் இருக்கோம். கட்டடமும் அவர் தம்பியோடது, வாடகை போகுது. எப்படிப் பேசுறது? (கோவை)

வந்த கேள்வில பாதி இதுதான், ஊர் பேர் மட்டும் மாறுது.

மொதல்ல அவருக்கு நியாயம் செஞ்சிடுவோம். சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல்லயோ பஸ் ஸ்டாண்ட்லயோ கெடந்தவங்கள கைல தூக்கிட்டு வந்து குளிப்பாட்டினப்போ நீங்களும் நானும் கூட இல்ல. பொண்டாட்டி நகைய அடகு வெச்சு நடத்தினவர் கிட்ட போய் "கவர்னன்ஸ்"னு ஆரம்பிச்சா கடுப்பாகத்தான் செய்வார். அதனால மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் ஆரம்பிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க, காபி குடிங்க, "அண்ணே, உங்களுக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த அறுபது பேர் கதி என்ன"ன்னு கேளுங்க. அந்தக் கேள்வி அவர் மனசுலயும் ராத்திரில ஓடிக்கிட்டுதான் இருக்கும், ஆனா கேக்க ஆள் இருந்திருக்காது.

வாடகை விஷயம் வேற, அதுல தாட்சண்யம் பாக்கக்கூடாது. டிரஸ்டியோட சொந்தக்காரங்களுக்கு வாடகை குடுக்கவே கூடாதுன்னு சட்டம் சொல்லல. ஆனா மார்க்கெட் ரேட்ட விட அதிகமா குடுத்தா, டிரஸ்ட் பணம் சொந்தக்காரங்களுக்குப் போகுதுன்னு வருமான வரிக்காரங்க எடுத்துக்குவாங்க, வரிவிலக்குக்கே ஆபத்து. அதே தெருவுல மூணு கட்டட வாடகைய எழுதி வாங்குங்க, வாடகை ஒப்பந்தம் போடுங்க, அத முடிவு பண்ற மீட்டிங்ல அவரும் அவர் மனைவியும் மச்சானும் எழுந்து வெளிய போகணும், போனாங்கன்னு மினிட்ஸ்லயும் எழுதணும். மிச்சம் நீங்க மூணு பேர் மட்டும் இருந்தா கோரம், அதாவது மீட்டிங் செல்ல வேண்டிய குறைஞ்சபட்ச ஆள் கணக்கு, வருமான்னு டீட்ல பாத்துக்கோங்க. வரலைன்னா வெளியாள் ஒருத்தர சேக்க அதுவே நல்ல காரணம்.

அவருக்கு சம்பளம் குடுங்கன்னுகூட சொல்வேன். முழு நேரம் வேலை பாக்குறவர் நியாயமான சம்பளம் வாங்குறதுல தப்பே இல்ல, கணக்குல தெரியாம வீட்டு கரண்ட் பில்ல டிரஸ்ட்ல கட்டுறத விட அது எவ்வளவோ மேல். எதுவுமே நடக்கல, பணம் நெஜமாவே ஒழுகுதுன்னா, சங்கத்துல மூணுல ஒரு பங்கு மெம்பருங்க சேந்து பதிவாளர் கிட்ட விசாரணை கேக்கலாம். பொது டிரஸ்ட்னா சிவில் நடைமுறைச் சட்டம் 92வது பிரிவுல கோர்ட்டுக்குப் போகணும், அதுக்கு கோர்ட் அனுமதி வேணும், வருஷக்கணக்குல இழுக்கும், நடுவுல ஷெல்டர் ஜனங்கதான் அல்லாடுவாங்க. அதனால காபிலயே முடிச்சிடப் பாருங்க.

அரசு மானியம் நாலு மாசமா வரல. ஸ்டாஃப்புக்கு சம்பளம் குடுக்க நானே கைக்காசு போட்டேன். சரிதானா? வெளிநாட்டு நன்கொடை கணக்குல பணம் கெடக்கு, அத எடுக்கலாமா? (திருச்சி)

கைக்காசு போட்டது நல்ல மனசு, போட்ட விதம்தான் முக்கியம். ரொக்கமா குடுத்திருந்தா இன்னைக்கே கணக்க சரி பண்ணுங்க. உங்க பேங்க்லேர்ந்து டிரஸ்ட் பேங்குக்கு மாத்தி, கடனா நன்கொடையான்னு ஒரு தீர்மானம் போட்டு, கடன்னா வட்டி இல்லைன்னு அதுலயே எழுதிடுங்க.

வெளிநாட்டுப் பணத்துல கைய வெக்காதீங்க. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பணத்த உள்ளூர் கணக்கோட கலக்கக்கூடாது, எதுக்குன்னு வாங்கினீங்களோ அதுக்குத்தான், 2020 திருத்தத்துக்கு அப்புறம் நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, அதுக்கு முன்னாடி 50 இருந்துச்சு. இன்னொரு டிரஸ்டுக்கு கைமாத்தா குடுக்கவும் முடியாது. கம்பெனிங்க சமூகப் பொறுப்புன்னு குடுக்கிற சிஎஸ்ஆர் பணமும் கிட்டத்தட்ட அப்படித்தான், அந்த ப்ராஜெக்டுக்கு மட்டும்.

மானியம் வந்தாலும் பத்தாதுங்கறது தனி சோகம். 2013ல வந்த நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துல 50 பேர் தங்குற ஷெல்டருக்கு பராமரிப்புச் செலவு வருஷம் 6 லட்சம்னு கணக்கு போட்டாங்க. வகுத்துப் பாருங்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபா. இதுக்குள்ள வாட்ச்மேன் சம்பளம், கரண்ட், தண்ணி லாரி எல்லாம் வரணும். அதனாலதான் ஒவ்வொரு கமிட்டிக்கும் திரும்பத் திரும்ப சொல்றேன், மூணு மாசச் செலவு கையிருப்பா இல்லாம புது ஷெல்டர் எடுத்து நடத்த ஒத்துக்காதீங்க, எந்த ஆபீசர் எவ்வளவு அன்பா கேட்டாலும் சரி. மானியத்த எதுக்கு செலவு பண்ணினோம்னு காட்டுற யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்ட நீங்க லேட்டா குடுத்தா அடுத்த தவணையும் லேட்டாத்தான் வரும், அதுல நம்ம பங்கு எவ்வளவுன்னும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

பொறந்தநாள், கல்யாண நாள்னு சாப்பாடு போட வர்றவங்க தங்கியிருக்கவங்களோட போட்டோ எடுத்து போடணும்ங்கறாங்க. மறுத்தா அடுத்த வருஷம் வரமாட்டாங்களே? (மதுரை)

வரலைன்னா போகட்டும். வீட்ட விட்டு ஓடிவந்தவங்க, புருஷன் அடிக்கு பயந்து வந்தவங்க, ஊர்ல பிள்ளைங்களுக்கே தெரியாம இங்க இருக்கவங்கன்னு எல்லாரும் இருக்காங்க, ஒரு பிரியாணி பொட்டலத்துக்காக அவங்க மூஞ்சிய ஊருக்குக் காட்ட நமக்கு யார் உரிமை குடுத்தா? சமையல்கட்ட எடுங்க, பாத்திரத்த எடுங்க, குடும்பத்தோட போர்டு முன்னாடி நில்லுங்கன்னு சொல்லுங்க, முக்கால்வாசி பேர் புரிஞ்சிக்குவாங்க. கல்யாண மண்டபத்துல மிஞ்சினத ராத்திரி பதினோரு மணிக்கு கொண்டுவந்தா வாங்காதீங்க, மறுநாள் காலைல முப்பது பேருக்கு வயித்தால போனா ஓடப்போறது நீங்கதான். ரொக்கமா குடுத்து 80ஜி ரசீது (வரிச்சலுகைக்கு காட்டுற ரசீது) கேக்குறவங்களுக்கு ஒண்ணு, 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கம்னா அவங்களுக்கு வரிச்சலுகை கெடைக்காது, முன்னாடியே சொல்லிடுங்க.

ராத்திரி ஒரு மணிக்கு போலீஸ் மனநிலை சரியில்லாத பொண்ண கூட்டிட்டு வந்துட்டாங்க. கேர்டேக்கர் எனக்கு போன் பண்றாங்க, சேக்கலாமா வேணாமான்னு. நான் என்ன டாக்டரா? (சென்னை)

நீங்க டாக்டர் இல்ல. அந்த கேர்டேக்கரும் இல்ல, அவங்க பன்னெண்டாயிரம் சம்பளத்துக்கு தனியா ஒரு வாசல்ல நிக்கிறாங்க. போன்ல முடிவு பண்ற மாதிரி வெச்சிருக்கிறதுதான் கமிட்டியோட தப்பு.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் செக்ஷன் 100 படிச்சு வெச்சிக்கோங்க. இப்படி சுத்திட்டு இருக்கவங்கள போலீஸ் பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவ நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள்ள கூட்டிட்டுப் போகணும், வீடில்லாதவங்கன்னா காணாமப் போனவங்கன்னு எஃப்ஐஆர் போட்டு குடும்பத்தத் தேடணும், இது ஸ்டேஷன் பொறுப்பு. நெறைய பேர் வழிய சுருக்கி நேரா ஷெல்டர்ல விட்டுட்டுப் போயிடுறாங்க, அவங்களுக்கும் ராத்திரி வேற எடம் தெரியறதில்ல. அதுக்காக கதவ சாத்துங்கன்னு சொல்லமாட்டேன், ஒரு பொண்ண அந்த நேரத்துல ரோட்டுக்கு திருப்பி அனுப்புறது பாவம்.

என்ன செய்யணும்னா, கமிட்டி உக்காந்து ஒரே ஒரு பக்கத்துல எழுதி கேட் பக்கத்துல ஒட்டுங்க. போலீஸ் மெமோ வாங்காம சேக்கக்கூடாது, பொம்பளைங்க ஷெல்டர்ல பொம்பளை ஸ்டாஃப் இருக்கணும், காயமோ காய்ச்சலோ இருந்தா மொதல்ல 108, விடிஞ்சதும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு யார் கூட்டிட்டுப் போகணும். வேற மாவட்டம்னா அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் பக்கத்துல எங்க இருக்குன்னு இப்பவே கேட்டு நம்பர எழுதி வைங்க. எழுதினதுக்கு அப்புறம் கேர்டேக்கர் போன் பண்ணினா, முடிவு கேக்கறதுக்கு இல்ல, தகவல் சொல்லத்தான்.

ஷெல்டர்ல தங்கியிருந்த ஒருத்தர கமிட்டில சேக்கலாம்னு ஒரு மெம்பர் சொல்றார். மத்தவங்க "அவருக்கு என்ன தெரியும்"ங்கறாங்க.

உங்க எல்லாரையும் விட ஜாஸ்தி தெரியும். எங்க கமிட்டிக்கு வால்டாக்ஸ் ரோடு பிளாட்பாரத்துல வருஷக்கணக்கா இருந்தவர் ஒருத்தர் வந்தார், ரெண்டாவது மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒம்பது மணிக்கு ஏன் கேட்ட சாத்துறீங்க?" பாரிஸ் கார்னர்ல மூட்டை தூக்குறவங்க லோடு இறக்கி முடிக்கவே பதினோரு மணி ஆகும், அதுக்கப்புறம் வந்து நிக்கிறவன் மறுபடி பிளாட்பாரத்துலதான் படுக்கணும். பாதி கட்டில் காலியா கெடக்கறதுக்கு நாங்க ஆறு மாசமா என்னென்னமோ காரணம் பேசிட்டிருந்தோம், அன்னைக்கு வாய மூடிக்கிட்டோம். ஆனா சேத்துட்டு நன்கொடை விழாவுல மட்டும் மேடை ஏத்தாதீங்க. பஸ் காசு குடுங்க, கூலி போகாத நேரமாப் பாத்து மீட்டிங் வைங்க, கணக்கு பேப்பர மொதல் நாளே ஒருத்தர் உக்காந்து அவருக்கு படிச்சு சொல்லுங்க. ஒருத்தர் மட்டும்னா பேசத் தயங்குவார், ரெண்டு பேரா சேருங்க.

சமையல்கார அம்மா, கமிட்டி மெம்பர் ஒருத்தர் தப்பா நடந்துக்கிறார்னு என்கிட்ட அழுதாங்க. வெளிய தெரிஞ்சா பேர் கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சிடலாமா? (பேர் வேண்டாம்)

கூடாதுமா. பத்து பேரும் அதுக்கு மேலயும் வேலை பாத்தா வேலை எடத்துல பாலியல் தொல்லையத் தடுக்கிற 2013 சட்டப்படி உள் புகார் குழு இருந்தே ஆகணும், அதுல குறைஞ்சது பாதி பேர் பொம்பளைங்க, வெளியாள் ஒருத்தர் உண்டு. தன்னார்வலா வேலை செய்யறவங்களும் அந்த பத்துல சேத்தி. பத்துக்கும் கம்மின்னா, இல்ல புகாரே முதலாளி ஸ்தானத்துல இருக்கிறவர் மேலன்னா மாவட்டக் குழுவுக்குப் போகணும். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், அந்தம்மாவுக்கு எழுத வரலைன்னா எழுதிக் குடுக்கிறது உங்க கடமை. விசாரணை முடியறவரைக்கும் அந்த ஆள் ஷெல்டர் பக்கமே வரக்கூடாதுன்னு இன்னைக்கே சொல்லிடுங்க.

ஐடில வேலை பாக்குறேன், புதுசா கமிட்டில சேந்திருக்கேன். வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நாளைக்கு இருநூறு மெசேஜ், மீட்டிங் மூணு மணி நேரம், பஜ்ஜி நல்லா இருந்துச்சு, முடிவு ஒண்ணும் இல்ல.

தம்பி, பஜ்ஜிய விட்டுடாதீங்க. குட்மார்னிங் மெசேஜுக்கு தனி குரூப் போட்டுடுங்க. மீட்டிங்ல மொத அர மணி நேரம் பணம், அடுத்தது போன தடவ முடிவு பண்ணினது நடந்துச்சா, மிச்சம் இருந்தா பேச்சு. மினிட்ஸ நீங்களே எழுதறேன்னு கைய தூக்குங்க, எழுதறவன் கேட்டாத்தான் "சரி, முடிவு என்ன"ங்கற கேள்விக்கு பதில் வரும்.

ஆறு வருஷம் செகரட்டரியா இருந்துட்டேன், உடம்பு முடியல, விலகணும். லெட்டர் குடுத்தா போதுமா?

லெட்டரோட நின்னுட்டா ரெண்டு வருஷம் கழிச்சும் நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். ராஜினாமாவ ஏத்துக்கிட்டதா தீர்மானம் காப்பி வாங்குங்க. சங்கம்னா படிவம் 7 போயிருக்கான்னு பாருங்க, எஃப்சிஆர்ஏ இருந்தா முக்கிய பொறுப்பாளர் மாறினத 45 நாளுக்குள்ள தெரிவிக்கணும். பேங்க்ல கையெழுத்து மாத்துங்க, ஓடிபி உங்க போனுக்கு வர்றத நிறுத்துங்க, வருமான வரி போர்ட்டல்ல உங்க பேர எடுக்கச் சொல்லுங்க, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவங்க மேஜைல இருந்தா அத கையோட எடுத்துட்டு வந்துடுங்க. பீரோ சாவிய குடுக்கும்போது என்னென்ன ஃபைல்னு லிஸ்ட் போட்டு வாங்கிக்கிட்டவர் கிட்ட கையெழுத்து வாங்கிக்கோங்க. எல்லாம் முடிஞ்சப்புறம், ராத்திரி போன் வந்தா எடுக்கலாமான்னு கேப்பீங்க. எடுப்பீங்க, எனக்குத் தெரியும். புது செகரட்டரி நம்பர குடுத்துட்டு வெச்சிடுங்க.