மாட்டு அம்மை எங்கிருந்து வந்தது என்று மரபணுவை வைத்துத் தேடுவதால் விவசாயிக்கு என்ன பயன்?

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். மாடுகளுக்குப் பெரியம்மை, அதாவது தோல் கழலை நோய், வந்தபோது எங்கள் உம்பளாச்சேரி இனக் கன்றுக்குத்தான் முதலில் வந்தது. ராத்திரி தடவிப் பார்த்தபோது ஒன்றுமில்லை, விடிந்து பார்த்தால் கழுத்திலிருந்து தொடை வரை கோலிக்குண்டு கோலிக்குண்டாக முடிச்சு, முன்னங்கால் வீங்கி ஊன்ற முடியாமல் நின்றது. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவினோம், ஊசியும் போட்டார்கள், தேறிவிட்டது. ஆனால் அதற்கு முந்தின வாரம் சந்தையில் மாடு பிடித்து வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "நீதான் கொண்டுவந்தே" என்று தெருவே இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

டாக்டர் காய்ந்த பொருக்கை இடுக்கியால் பெயர்த்து ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போவார், பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து கிருமியின் மரபணுவைப் படிக்கலாம், சுமார் 1,51,000 எழுத்து. எந்த எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று ஊருக்கு ஊர் ஒப்பிட்டால் எது எதற்கு உறவு என்று தெரிந்துவிடும். 1929இல் ஜாம்பியாவில் முதலில் கண்ட நோய் இது, 2019இல் ஒடிசாவுக்கு வந்தது. அந்த வருஷத்துக் கிருமி பழைய கென்யக் கிருமியோடு ஒத்துப்போனது. 2022இல் வடக்கே மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் கர்நாடகம், குஜராத் உட்பட நான்கு மாநிலங்களின் 22 கிருமிகளைப் படித்தார்கள். பார்த்தால் இரண்டு வம்சம்: ஒன்று 2019 ராஞ்சிக் கிருமிக்குச் சொந்தம், மற்றது நிறைய மாறிப்போய் 2015இல் ரஷ்யாவில் பரவியதற்கு நெருக்கம்.

சரி, நமக்கு என்ன? தடுப்பூசிதான். பல ஊர்களில் ஆட்டம்மை ஊசியைத்தான் மாட்டுக்கும் போட்டார்கள், சுற்றுகிற கிருமி எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியாமல் அது தாங்குமா என்று எப்படிக் கணிப்பது? 2017இல் ரஷ்யாவில் தடுப்பூசிக் கிருமியும் நோய்க் கிருமியும் கலந்த புது வகையே மாடுகளிடம் கிடைத்தது, மரபணு பார்க்காமல் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

அப்புறம், அம்மைக் கிருமி மெதுவாகத்தான் மாறும். ஒரே தெருவில் இரண்டு மாட்டின் கிருமியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், யார் மாட்டிலிருந்து யார் மாட்டுக்கு வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்புகிற நோய், தாளடி அறுவடை முடிந்து எல்லா மாடும் ஒரே தரிசில்தான் மேய்கிறது. இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போன வாரம்தான் சொன்னேன், ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.