கருப்பு டிஷர்ட் போட்ட மதுரைக்காரன்

பர்மிங்காமுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை என்றால் உயிர், ஆனால் ஆபீசில் எல்லோரும் கிரிக்கெட்டும் பாலிவுட்டும்தான் என்னிடம் பேசுகிறார்கள், இங்கிருக்கிற தமிழர்களோ 'பீட்டர் விடுறான்' என்கிறார்கள், இது மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. ஆபீஸ் பக்கம் சீக்கிரம் மாறிவிடும். நம்மவர்கள் பக்கம் கொஞ்சம் இழுக்கும்.

நீங்கள் வந்து இறங்கியிருப்பதே அந்த இசை பிறந்த ஊரில்தான். மெட்டலுக்கு வழிபோட்ட பிளாக் சபாத், 1968இல் இதே ஊரின் ஆஸ்டன் பகுதியில் கிளம்பிய குழு. கிடார் வாசித்த டோனி அயோமி தகரப் பட்டறையில் விரல் நுனிகளைப் பறிகொடுத்தவர், வலி தாங்காமல் தந்திகளைத் தளர்த்திக் கட்டிக்கொண்டார், அந்தக் கனத்த ஓசைக்கு அதுவும் ஒரு காரணம். 2025 ஜூலையில் இங்கே வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் கடைசிக் கச்சேரி நடத்தினார்கள், அதே மாதம் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்துபோனார். 2021 கணக்கெடுப்புப்படி இந்த ஊரில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள். அப்புறம் யார் இங்கே வெளியாள்?

ஆனாலும் கேட்பார்கள். என்னிடம் ஒருவர், பால்ட்டி என்கிற கறிக்குழம்பு உங்கள் ஊரிலும் இதே ருசிதானா என்றார். பால்ட்டி 1970களில் இதே பர்மிங்காமில் பாகிஸ்தானியர் கடைகளில் பிரபலமான அயிட்டம், நான் பரோட்டா சால்னா தின்று வளர்ந்தவன். இதெல்லாம் சோம்பேறித்தனம், சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். கச்சேரிகளில் நடப்பதுதான் சுருக்கென்று தைக்கும். ஒருமுறை இடைவேளையில் சுவரோரம் நின்றிருந்தேன், ஒரு ஆள் நேராக வந்து கோட்டைக் கழற்றி என் கையில் கொடுக்கப் பார்த்தார். கருப்புச் சட்டை, பழுப்புத் தோல், அப்படியானால் அரங்க ஊழியன்! அவர் போட்டிருந்ததும் கருப்புச் சட்டைதான்.

இன்னொரு வகை, டிஷர்ட்டில் இருக்கிற குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு 'அந்தக் குழுவா? எங்கே, மூன்று பாட்டுச் சொல்லு' என்று பரீட்சை வைப்பது. எழுதாதீர்கள். சவுண்ட்கார்டன் என்கிற அமெரிக்க ராக் குழுவின் கிடார்காரர் கிம் தயிலின் பெற்றோர் கேரளத்துக்காரர்கள், குயீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி படித்தது நம் மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் என்று சாட்சிகளை இழுக்கத் தோன்றும், எனக்கும் தோன்றும், ஆனால் பாட்டுக் கேட்க எதற்கையா சாட்சி?

இதைவிட மோசம், 'நீ மற்ற இந்தியர்கள் மாதிரி இல்லை' என்று தோளில் தட்டுவது. பாராட்டு மாதிரி இருக்கும், குளிர்ந்துவிடாதீர்கள். அடுத்த வாரம் அதே வாய் நம்மூர்க்காரர்களின் உச்சரிப்பைக் கிண்டலடிக்கும்போது நீங்களும் கூடச் சிரிக்கவேண்டியிருக்கும், சிரிக்காவிட்டால் முகம் மாறும். 'மற்றவர்கள் எப்படியாம்?' என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் பதில் இருக்காது.

நம்மவர்கள் 'பீட்டர்' என்பதற்குப் பின்னால் பயம்தான் இருக்கிறது. சொந்தப் பிள்ளைகளே தமிழில் பதில் சொல்லாத வீடுகள், அந்த எரிச்சல் உங்கள் டிஷர்ட் மேல் விழுகிறது. வாதம் பண்ணாமல் பொங்கல் விழாவுக்குப் போய் நாலு நாற்காலி தூக்கிப்போடுங்கள், யாராவது மாமா 'என்னடா காட்டுக்கத்தல் இது' என்றால் திருவிழாவில் உறுமியும் தவிலும் அடித்த அடியை ஞாபகப்படுத்துங்கள், அவரே சிரித்துவிடுவார்.

கச்சேரிக்குத் துணை கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஊருக்குள்ளேயே டிக்பெத் பகுதியில் இருக்கும் சின்ன அரங்குகளுக்குத் தனியாகவே போங்கள். காதில் அடைத்துக்கொள்ள ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் மறுநாள் மீட்டிங்கில் ஒன்றும் காதில் விழாது.