எச் இண்டெக்ஸ் 41 என்றால் பெரிய ஆளா?

கேள்வி: என் மகள் புற்றுநோய் ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேரப் போகிறாள். கைடாக வரவிருப்பவரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் 212 கட்டுரைகள், எச் இண்டெக்ஸ் 41 என்று இருக்கிறது. அவர் பெரிய ஆள்தானா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் ஆசிரியர் இந்தக் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அவருடைய கட்டுரைகளில் 41 கட்டுரைகள் ஒவ்வொன்றையும் குறைந்தது 41 முறை வேறு கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இப்படி எடுத்துக்காட்டுவதைத்தான் சைட்டேஷன் என்பார்கள். அதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் போட்டுக்கொடுத்த கணக்கு. 41 நல்ல எண்தான், அம்மா. ஆனால் அந்த 212-உம் அவருடையதுதானா என்று முதலில் பாருங்கள்.

சிரிக்காதீர்கள். ஒருமுறை பதவி உயர்வுக்காக ஒரு கேன்சர் பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலை நான் தயார் செய்தேன். கூகுள் ஸ்காலர் கொடுத்ததில் ரத்தப் புற்றுநோய் இருந்தது, கருப்பைவாய்ப் புற்றுநோய் இருந்தது, அப்புறம் நெற்பயிரில் குலைநோய்! அதே பெயர், அதே இனிஷியலில் ஒரு வேளாண் விஞ்ஞானி. நம்மவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால், அடுத்ததில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே முழுதாக. கம்ப்யூட்டர்தான் என்ன செய்யும், பாவம். ஏழு கட்டுரைகளைக் கழித்ததும் பேராசிரியருக்கு முகம் விழுந்துவிட்டது. குலைநோய்க்குத்தான் சைட்டேஷன் அதிகம்! இந்தக் குழப்பம் தீரத்தான் 2012-இல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. கைடுக்கு அது இருந்தால் அந்தப் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

பெரிய மருந்துப் பரிசோதனைகள் பல ஆஸ்பத்திரிகளில் ஒரே நேரத்தில் நடக்கும். கட்டுரையில் நூறு பேர்கூட இருப்பார்கள். நடுவில் எங்கோ நிற்பவருக்கும் சைட்டேஷன் முழுசாகச் சேரும். அதனால் வரிசையைக் கவனியுங்கள். இந்தத் துறையில் பெரும்பாலும் லேபில் கை நனைத்தவர் பெயர் முதலில், பொறுப்பெடுத்த கைடு பெயர் கடைசியில் வரும்.

எண் சின்னதாக இருந்தால் ஆளும் சின்னவரா? பெய்டன் ரௌஸ் கதையைக் கேளுங்கள். 1909-இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் அவர் கைக்கு ஒரு கோழி வந்தது. நெஞ்சில் கட்டி. அந்தக் கட்டியை அரைத்து, ஒரு செல்கூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, சாற்றை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் புற்று வந்தது. செல் போகாமல் புற்று போகிறது என்றால் போவது வைரஸ்தானே? 1911-இல் எழுதினார். கோழிக்கு வந்தால் மனுஷனுக்கென்ன என்று பலர் ஒதுக்கினார்கள். எலிகளில் முயன்று தோற்று, அவரே சில வருஷத்தில் அதை விட்டுவிட்டு ரத்தத்தைக் கெடாமல் சேமிக்கும் வேலைக்குப் போய்விட்டார். 1920-இல் அந்தக் கட்டுரைக்கு எந்தக் கமிட்டியும் மார்க் போட்டிருக்காது என்பது என் எண்ணம். நோபல் 1966-இல் வந்தது, 87 வயதில்! அந்தக் கோழி வைரஸைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்தான் பிஷப், வார்மஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள். அதிலிருந்த புற்று ஜீன் ஆரோக்கியமான கோழியின் செல்லிலிருந்தே வைரஸுக்குப் போனது என்று 1976-இல் காட்டினார்கள். அவர்களுக்கு 1989-இல் நோபல்.

சரி, உங்கள் மகள் விஷயம். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் என்ற இணையதளம் இலவசம். கடைசி ஐந்து வருஷத்தில் கைடின் பெயர் கடைசியில் வரும் கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். செல்லாது என்று பத்திரிகை திரும்பப் பெற்ற கட்டுரை இருந்தால் அங்கேயே எழுதியிருக்கும். முதலில் நிற்கும் பெயர்கள் மாறி மாறி வருகின்றனவா, ஒருவரே எல்லாவற்றிலும் நிற்கிறாரா என்று பார்க்கட்டும். அந்த முதல் பெயர்காரர்களில் இருவருக்கு மகள் மெயில் போடட்டும். எச் இண்டெக்ஸை விட்டுவிடுங்கள். கட்டுரையை எழுதி நீட்டினால் கைடு எத்தனை நாளில் திருத்தித் தருவார், அதை மட்டும் கேட்டால் போதும்.