சுவீடிஷ் இலக்கணம்: புதிதாகப் படிப்பவர்கள் கேட்டவை

முதலில் ஒன்று. சுவீடிஷ் உயிரொலிகள் தமிழ் எழுத்துக்குள் சரியாக அடங்காது. கீழே எழுதியிருப்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒலிதான். உச்சரிப்பைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

ஒரு சொல் ‘என்’ வகையா, ‘எத்’ வகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘என்’, ‘எத்’ இரண்டும் ‘ஒரு’ என்ற பொருளில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சுவீடிஷ் சொற்கள். எதற்கு எது என்பதற்கு முழுமையான விதி கிடையாது. பெயர்ச்சொற்களில் ஏறத்தாழ முக்கால்வாசி ‘என்’, மீதி ‘எத்’. தமிழில் திணையும் பாலும் பொருளைப் பார்த்து வருகின்றன. சுவீடிஷில் பொருள் உதவாது: நாற்காலி ‘என் ஸ்தூல்’, மேசை ‘எத் பூட்’. மனிதர்களைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் ‘என்’ வகை, ஆனால் குழந்தை ‘எத் பாண்’. சில அடையாளங்கள் உண்டு. ‘ஆ’ என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் ‘என்’: ‘என் ஃப்ளிக்கா’ (சிறுமி), ‘என் காத்தா’ (தெரு). கண், காது, இதயம் மூன்றும் விலக்கு: ‘எத் ஓகா’, ‘எத் ஓரா’, ‘எத் யேட்டா’. ‘ஹேத்’ என்ற விகுதி வந்தால் ‘என்’ என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வகை தெரியாவிட்டால் அடுத்து வருவதெல்லாம் தடுமாறும். குறிப்பிட்ட ஒரு புத்தகத்தைச் சொல்லும்போது ‘என் பூக்’ என்பது ‘பூக்கென்’ ஆகிறது. ‘எத் ஹூஸ்’ (வீடு) ‘ஹூசெத்’ ஆகிறது. முன்னால் நின்ற சொல் விகுதியாகப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. பெயரடையும் கூடவே மாறும்: பெரிய கார் ‘என் ஸ்தூர் பீல்’, பெரிய வீடு ‘எத் ஸ்தூட் ஹூஸ்’. அதனால் நோட்டில் ‘ஹூஸ் – வீடு’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘எத் ஹூஸ், ஹூசெத், ஹூஸ், ஹூசென்’ என்று ஒருமை, பன்மை நான்கு வடிவங்களையும் ஒரே மூச்சில் சொல்லி மனப்பாடம் செய்யுங்கள். முதல் மாதம் மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை.

‘தென் ஸ்தூரா பீலென்’ (அந்தப் பெரிய கார்): முன்னால் ‘தென்’, பின்னால் ‘என்’. ஒன்று போதாதா?

பெயரடை நடுவில் வந்தால் இரண்டும் வேண்டும். நார்வேஜியனிலும் பொதுவாக இப்படித்தான். டேனிஷில் முன்னால் வருவது மட்டும் போதும்.

வினை எப்போதும் இரண்டாவதாக வரும் என்கிறார்கள். ஆனால் சில வாக்கியங்களில் அப்படித் தெரியவில்லையே?

இரண்டாவது சொல் என்று எண்ணுவதால் வரும் குழப்பம் இது. எண்ண வேண்டியது சொற்களை அல்ல, வாக்கிய உறுப்புகளை. ‘யாக் த்ரிக்கர் கஃபெ’ என்றால் நான் காபி குடிக்கிறேன். ‘இப்போது’ என்பதை முன்னால் வைத்தால் ‘நூ த்ரிக்கர் யாக் கஃபெ’. வினை இடம் மாறவில்லை, எழுவாய்தான் பின்னால் போனது. ‘நேர் யாக் கொம்மர் ஹெம்’ (நான் வீட்டுக்கு வரும்போது) என்ற நீளமான தொடரும் ஒரே உறுப்பு. அதனால் அடுத்து உடனே வினை: ‘நேர் யாக் கொம்மர் ஹெம் த்ரிக்கர் யாக் கஃபெ’. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

துணைவாக்கியத்தின் உள்ளே ஒழுங்கு வேறு. ‘யாக் த்ரிக்கர் இந்தெ கஃபெ’ என்றால் நான் காபி குடிப்பதில்லை. இதையே ‘என்று அவளுக்குத் தெரியும்’ என்பதற்குள் வைத்தால் ‘ஹூன் வேத் அத் யாக் இந்தெ த்ரிக்கர் கஃபெ’. எதிர்மறையான ‘இந்தெ’ வினைக்கு முன்னால் வந்துவிட்டது. சுவீடனில் குடியேறியவர்களுக்கான மொழி வகுப்புகளில் இதை ‘பிஃப்’ விதி என்று சொல்லித் தருவார்கள். ‘துணைவாக்கியத்தில் இந்தெ, வினைக்கு முன்’ என்ற வாக்கியத்தின் சுவீடிஷ் முதலெழுத்துகள் அவை. கேட்க எளிது, பேச்சில் தானாக வர நாளாகும். தினமும் பத்து வாக்கியமாவது வாய்விட்டு மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

‘சின்’, ‘ஹன்ஸ்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் புரியவே இல்லை.

இதற்கு ஆங்கிலத்தை ஓரமாக வையுங்கள். தமிழே போதும். ‘எரிக் த்வெத்தர் சின் பீல்’: எரிக் தன் காரைக் கழுவுகிறான். ‘எரிக் த்வெத்தர் ஹன்ஸ் பீல்’: எரிக் இன்னொருவனுடைய காரைக் கழுவுகிறான். ‘தன்’ வரும் இடத்தில் ‘சின்’. ஆனால் பேச்சில் நாம் ‘அவன் காரை அவனே கழுவுறான்’ என்றும் சொல்வோம். சுவீடிஷ் அந்தச் சலுகையைத் தராது. அப்புறம், ‘சின்’ பின்னால் வரும் பொருளுக்கேற்ப மாறும்: ‘எத்’ சொல்லுக்கு ‘சித்’, பன்மைக்கு ‘சீனா’. எழுவாய்க்குள் மட்டும் வராது. ‘எரிக்கும் அவன் மனைவியும்’ என்று தொடங்கினால் ‘எரிக் ஒக் ஹன்ஸ் ஃப்ரூ’தான்.

வினைகளை எப்படி மனப்பாடம் செய்வது?

இது எளிது. நான், நீ, அவர்கள் என்று யார் எழுதினாலும் நிகழ்காலம் ‘ஸ்க்ரீவர்’தான். முன்பு எழுத்து வழக்கில் பன்மைக்குத் தனி வடிவம் இருந்தது. 1945-ல் டிடி செய்தி நிறுவனம் அதைக் கைவிட்டது, பிறகு மெல்ல மறைந்தது. இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. தமிழில் ‘எழுதுகிறேன்’ என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். சுவீடிஷ் விகுதி அதைச் சொல்லாததால் எழுவாயை விடவே கூடாது. மழை பெய்வதற்குக்கூட ‘தே ரெங்னர்’ என்று ஓர் ‘அது’ தேவை.

பெரியவர்களை ‘தூ’ என்று ஒருமையில் கூப்பிடலாமா? கூச்சமாக இருக்கிறது.

தாராளமாக. மருத்துவர், ஆசிரியர், மேலதிகாரி எல்லோருக்கும் ‘தூ’தான். 1967-ல் சுகாதாரத் துறைத் தலைமைக்கு வந்த ப்ரூர் ரெக்ஸேத், ஊழியர்கள் எல்லோரையும் ‘தூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றத்துக்கு அவர் பெயர் அடையாளமாகிவிட்டது. பன்மைக்கான சுவீடிஷ் சொல்லான ‘நீ’யை (பொருள் ‘நீங்கள்’) ஒருவரிடம் மரியாதையாகச் சொல்வோரும் உண்டு. ஆனால் சில முதியவர்கள் அதைத் தள்ளிவைப்பதாகவே உணர்வார்கள்.

‘ட’, ‘ண’, ‘ள’ ஒலிகள் சுவீடிஷில் உண்டா?

உண்டு! ‘ர்’ எழுத்தை அடுத்து ‘த்’, ‘ந்’, ‘ல்’ வரும்போது ஸ்டாக்ஹோம் பேச்சில் இரண்டும் சேர்ந்து நம் ‘ட்’, ‘ண்’, ‘ள்’ போல ஒலிக்கும். மேலே ‘பாண்’, ‘ஸ்தூட்’ என்று எழுதியது அதனால்தான். பலரும் திணறும் இந்த ஒலி தமிழருக்கு இயல்பாக வரும். தெற்கே மால்மோ பக்கம் ‘ர்’ தொண்டையில் பிறப்பதால் இப்படிச் சேராது. அங்கே இருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டு அப்படியே பேசுங்கள்.